நகர மையத்தைக் கட்டிக் கொடுத்தால் ஊர் பிழைத்துவிடுமா?

கேள்வி: சித்தூர் வாசகர், 9 பிப்ரவரி 2025

அமெரிக்காவின் கார் தொழில் நகரமான டெட்ராய்ட்டைச் செத்த ஊர் என்றார்கள். நகர மையத்தில் அரசும் கம்பெனிகளும் சேர்ந்து பணத்தைக் கொட்டின. இன்று மக்கள்தொகையே ஏறுகிறது. நம் சித்தூர், வேலூர் பக்கத்து ஊர்களுக்கும் அதுதான் வழி. பழைய மார்க்கெட்டை இடித்துவிட்டு மால் மாதிரி ஒன்று கட்டுங்கள், முதல் சில வருடம் வரிச்சலுகை கொடுங்கள், வியாபாரம் தானாக வரும். இதை எதிர்க்கிறவர்களுக்கு ஊர் முன்னேறுவது பிடிக்கவில்லை. என்ன சொல்கிறீர்கள்?

9 பிப்ரவரி, இரவு

நான் எதிர்க்கிற கட்சி. ஊர் முன்னேற வேண்டும் என்பதால்தான் எதிர்க்கிறேன்.

வேலூருக்கும் சித்தூருக்கும் நடுவில் ஒரு சின்ன ஊரில் கடைகளுக்குக் கணக்கு எழுதுவது என் பிழைப்பு. பாத்திரக்கடை, ஜவுளிக்கடை, மருந்துக்கடை, செருப்புக்கடை என்று பலருடைய வரவு செலவு மாதாமாதம் என் மேசைக்கு வந்துவிடும். கடைவீதி படுக்கும்போது அது முதலில் சரக்கு பில்லில் தெரியும். பத்துப் பெட்டி எடுத்தவர் ஆறு எடுப்பார். அப்புறம் கடைப்பையனை நிறுத்துவார். அப்புறம் வாடகை பாக்கி. கடைசியில் தண்டல்காரர் தினமும் சாயங்காலம் வந்து நிற்பார். இத்தனை கடைகள் இப்படி இறங்கியதைப் பார்த்திருக்கிறேன், கட்டடம் பழசானதால் வியாபாரம் போனது என்று ஒரு கணக்கிலும் பார்த்ததில்லை.

டெட்ராய்ட் பற்றி நாளை எழுதுகிறேன். அது பெரிய கதை.

10 பிப்ரவரி

1950இல் டெட்ராய்ட்டில் பதினெட்டரை லட்சம் பேர் இருந்தார்கள். 2020 கணக்கெடுப்பில் 6,39,111. மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம். 2023இல் கொஞ்சம் ஏறியிருக்கிறது. 1957க்குப் பிறகு அங்கே மக்கள்தொகை ஏறியது அதுவே முதல் தடவை. நல்ல செய்திதான், அதை நான் குறைத்துப் பேசவில்லை.

ஆனால் அந்த ஊர் மையத்தில் பணம் கொட்டுவது நேற்று ஆரம்பித்ததல்ல. 1977லேயே ஆற்றங்கரையில் ரினைசன்ஸ் சென்டர் என்று கண்ணாடிக் கோபுரங்கள் எழுந்தன. இரண்டாம் ஹென்றி ஃபோர்டு முன்னின்று, பெரும்பாலும் தனியார் பணத்தில் கட்டியது. ‘ரினைசன்ஸ்’ என்றால் மறுமலர்ச்சி. அதற்குப் பிறகும் ஊர் நாற்பது வருடத்துக்கு மேல் தேய்ந்துகொண்டே போனது. 1996இல் ஜெனரல் மோட்டார்ஸ் கார் கம்பெனி அந்தக் கட்டடத்தை வாங்கித் தலைமையகம் ஆக்கியது. 2024இல் அங்கிருந்து கிளம்புவதாக அறிவித்தது. அதே ஆண்டு நவம்பரில் ஒரு புதுத் திட்டம் வந்தது: கோபுரங்களில் இரண்டை இடிக்க வேண்டும், மற்றதை மாற்றிக் கட்ட வேண்டும், அதற்குப் பொதுப்பணம் சுமார் 35 கோடி டாலர் வேண்டும்.

ஊரை மீட்க வந்த கட்டடம் இப்போது தன்னை மீட்கச் சொல்லிக் கேட்கிறது. சித்தூர் நண்பர் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

10 பிப்ரவரி, இன்னொன்று

லிட்டில் சீசர்ஸ் அரீனாவை விட்டுவிட்டேன். ஐஸ் ஹாக்கி, கூடைப்பந்து நடக்கிற அரங்கம், 2017இல் திறந்தது. சுமார் 32 கோடி டாலர் பொதுப்பணம். மாநில அரசின் வாரியம் அந்தப் பணத்தைத் திரட்டும் கடன் பத்திரத்துக்கு ஒப்புதல் கொடுத்தது 2013 ஜூலையில். அதே ஜூலையில்தான் டெட்ராய்ட் நகரம் திவால் மனு கொடுத்தது. ஓய்வு பெற்ற மாநகராட்சி ஊழியர்களின் பென்ஷன் வெட்டப்படுமா என்று கோர்ட்டில் வாதம் நடந்துகொண்டிருந்த காலம்.

அரங்கத்தைச் சுற்றி ஐந்து புதிய குடியிருப்புப் பகுதிகள் வரும் என்று சொன்னார்கள். அரங்கம் வந்தது. சொன்ன இடத்தில் பெரும்பகுதி கார் நிறுத்துமிடம்.

12 பிப்ரவரி

"வரிச்சலுகை கொடுத்தால் யாருக்கு நஷ்டம்? இல்லாத வரியைத்தானே விட்டுக்கொடுக்கிறோம்" என்று பலமநேரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி, பலரும் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

அமெரிக்காவில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஒரு பகுதியைக் கோடு போட்டுப் பிரிப்பார்கள். அன்றைக்கு அங்கே வருகிற அளவு சொத்துவரி மட்டும் வழக்கம்போல ஊருக்குப் போகும். அதற்கு மேல் வருடாவருடம் ஏறுகிற வரி பள்ளிக்கூடத்துக்கும் தீயணைப்புக்கும் போகாது, அந்தத் திட்டத்தின் கடனுக்கே போகும். கலிபோர்னியா 1952இலேயே இதைத் தொடங்கியது. சலுகை கொடுக்காவிட்டாலும் நிலமதிப்பு கொஞ்சம் ஏறித்தானே இருக்கும், அந்த வரியும் இதோடு சேர்ந்து போய்விடும். பள்ளிகளுக்குக் குறைந்த பணத்தை மாநிலக் கஜானா நிரப்ப வேண்டியிருந்தது. கஜானா காய்ந்தபோது ஆளுநர் ஜெர்ரி பிரவுன் அங்கிருந்த நானூறு சொச்சம் மறுமேம்பாட்டு வாரியங்களையும் கலைக்கச் சட்டம் கொண்டுவந்தார். 2012 பிப்ரவரியில் அவை மூடப்பட்டன. அறுபது வருடம் செய்து பார்த்த மாநிலமே நிறுத்தியது.

நம் ஊரில் இதே பெயரில் இது இல்லை. ஆனால் நகராட்சி கடன் வாங்கி வணிக வளாகம் கட்டி, தவணையைப் பொது நிதியிலிருந்து கட்டினால் விஷயம் ஒன்றுதான். தெருவிளக்குக்கும் சாக்கடைக்கும் போக வேண்டியது தவணைக்குப் போகிறது.

13 பிப்ரவரி

ஃப்ளின்ட் பற்றி யாரும் சொல்லவில்லையே. டெட்ராய்ட்டுக்குப் பக்கத்து ஊர், ஜெனரல் மோட்டார்ஸ் பிறந்த ஊர். 1970களின் கடைசியில் சுமார் எண்பதாயிரம் பேருக்கு அந்தக் கம்பெனியில் வேலை. ஆட்கள் குறையத் தொடங்கியதும் சுற்றுலா வரும் என்று நம்பி நகர மையத்தில் ஆட்டோவேர்ல்டு என்று கார் பற்றிய உள்ளரங்கப் பூங்கா ஒன்று கட்டினார்கள். 1984 ஜூலையில் திறந்தது. 1985 தொடக்கத்தில் மூடியது. 1997இல் இடித்தார்கள்.

வேலை போன ஊருக்கு வேலை இருந்த காலத்தைக் காட்டும் பூங்கா. பசித்தவனுக்குச் சோறு போடாமல் இலையை மட்டும் மாற்றிப் போடுகிற காரியம்.

16 பிப்ரவரி

சரி, அமெரிக்கா போதும். சித்தூருக்கு வருவோம். கேட்டவர் சித்தூர்க்காரர், அவருக்கே தெரிந்ததைத்தான் சொல்லப் போகிறேன்.

சித்தூர் கூட்டுறவு பால்பண்ணை 2002இல் மூடப்பட்டது. என் தாய்மாமா வீடு சித்தூருக்குக் கிழக்கே ஒரு கிராமம். வீட்டில் தெலுங்கும் தமிழும் கலந்தே பேசுவார்கள். பால் பில், அதாவது பண்ணைக்கு ஊற்றிய பாலுக்கான பணம், வருகிற நாளில் அத்தை சித்தூர் போவார். போனால் வெறுங்கையோடு வரமாட்டார்: எண்ணெய், சோப்பு, பிள்ளைகளுக்கு நோட்டு, எப்போதாவது ஒரு சேலை. ஒரு வீட்டுக்கு அது சின்னத் தொகை. பல்லாயிரம் வீட்டுக்கு அதுதான் சித்தூர் பஜார். பண்ணை மூடியதும் பாலைத் தனியார் வாங்கினார்கள், கிராமத்துக்கே வண்டி வந்து எடுத்தது. விலையைப் பற்றி மாமா இன்றைக்கும் கோபமாகப் பேசுவார். ஆனால் கடைவீதிக்கு வேறொன்று நடந்தது. அத்தை சித்தூர் போவதை நிறுத்திவிட்டார்.

கூட்டுறவு சர்க்கரை ஆலையும் நின்றது. 2022 ஏப்ரலில் மாவட்டத்தைப் பிரித்தார்கள், திருப்பதி தனி மாவட்டம் ஆனது. கலெக்டர் ஆபீசுக்கு வருகிற கூட்டத்தில் ஒரு பாதி அந்தப் பக்கம் திரும்பியது. 2023இல் பழைய பால்பண்ணை இடத்தில் அமுலுக்காக அடிக்கல் நாட்டினார்கள். எனக்கு மால் வருவதை விட அந்தச் செய்திதான் பெரிது. பால் பில் திரும்ப வந்தால் பஜார் தானே எழுந்துகொள்ளும், யாரும் அதற்குக் கண்ணாடி ஒட்ட வேண்டாம்.

16 பிப்ரவரி, இரவு

மேலே எழுதியதைப் படித்துவிட்டு குடியாத்தத்து சார் ஒருவர், "அப்படியென்றால் மார்க்கெட் கூரை தலையில் விழும்வரை விட்டுவிடலாமா?" என்கிறார். இல்லை சார். கூரையை மாற்றுங்கள். கழிவறை கட்டுங்கள், முக்கியமாகப் பெண்களுக்கு. எங்கள் மார்க்கெட்டில் காய்கறி விற்கிற அம்மாக்கள் காலையில் தண்ணீரே குடிக்காமல் வருகிறார்கள், மதியம் வரைக்கும் போக இடம் கிடையாது என்பதால். மீன்பகுதியில் வடிகால் சரிசெய்யுங்கள். இதற்கெல்லாம் பொதுப்பணம் செலவழிக்க நான் இரண்டு கையையும் தூக்குகிறேன். யாரோ வருவார்கள் என்று நம்பி இல்லாத கூட்டத்துக்குக் கட்டுவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

23 பிப்ரவரி

எங்கள் ஊர் வணிக வளாகத்தைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள். ஊர் பெயர் வேண்டாம். இந்தக் கதை எந்த ஊருக்கும் பொருந்தும்.

பழைய தினசரி மார்க்கெட்டில் ஓடு போட்ட கடைகள், நடுவில் தரைக்கடைகள், வாசலில் பூக்காரர்கள். வளாகம் கட்டுவதற்காக எல்லோரையும் ஊருக்கு வெளியே ஒரு திடலுக்கு மாற்றினார்கள். சீக்கிரம் முடிந்துவிடும் என்றார்கள். முடியவில்லை. திடலில் முதல் மழைக்கே வெங்காயம் அழுகியது. இந்த இடைக்காலத்தை எந்தத் திட்ட அறிக்கையிலும் நஷ்டமாகக் காட்டமாட்டார்கள். என் கணக்கு நோட்டில் அது தெரிந்தது. திடலுக்குப் போன கடைகளில் சில திரும்பி வரவே இல்லை. வாடிக்கையாளர்கள் பைபாஸ் பக்கத்து சூப்பர் மார்க்கெட்டுக்குப் பழகிவிட்டார்கள், பழகிய கால் திரும்பாது.

கட்டி முடித்ததும் பொது ஏலம். முன்பணம் பழைய கடைக்காரர்களுக்கு எட்டாத உயரத்தில். வெளியூர்க்காரர்கள் சிலர் மொத்தமாக எடுத்து உள்வாடகைக்கு விட்டார்கள். தரைத்தளம் ஓரளவு நிரம்பியது. மேல்தளத்துக்கு ஆளில்லை. நம் ஊர் ஜனம் தக்காளி வாங்க மாடி ஏறாது. கையில் பை, இடுப்பில் குழந்தை, ரோட்டில் நிறுத்தின வண்டி என்று வருகிறவர்கள் கண்ணெதிரே இருப்பதைத்தான் வாங்குவார்கள்.

மேல்தளத்தில் தையல் கடை போட்ட ஒருவர் என்னிடம்தான் கணக்கு எழுதினார். ஷட்டரைத் தூக்கினால் எதிரே பூட்டின ஷட்டர், அதற்குப் பக்கத்திலும் பூட்டின ஷட்டர். படிக்கட்டு மூலையெல்லாம் பான் எச்சில். லிஃப்ட் கதவில் பாதுகாப்பு பிளாஸ்டிக்கூட உரிக்கவில்லை. அவர் ஒரு அட்டையில் "டெய்லர் மேலே" என்று எழுதி, அம்புக்குறி போட்டு, கீழே பூக்கடைத் தூணில் கட்டியிருந்தார். போணி ஆகாமல் வீட்டுக்குப் போன நாட்கள் அவர் நோட்டில் கோடு கோடாக இருக்கும். கடைசியில் முன்பணத்தில் வாடகை பாக்கியைக் கழித்துக்கொண்டு வெளியேற்றினார்கள். இப்போது வீட்டுத் திண்ணையில் தைக்கிறார், வேலை நிறைய வருகிறது.

பூக்காரர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்பீர்கள். அவர்களுக்கு உள்ளே எண் போட்ட மேடை ஒதுக்கினார்கள். பூ வாங்குகிறவர் கோவிலுக்குப் போகிற வழியில் நின்று வாங்குகிறவர், உள்ளே வரமாட்டார். அவர்கள் மறுபடி வாசலுக்கே வந்துவிட்டார்கள். இப்போது அவர்கள் ஆக்கிரமிப்பாளர்கள். 2014 தெருவோர வியாபாரிகள் சட்டப்படி அவர்களைக் கணக்கெடுக்க வேண்டும், அடையாள அட்டை கொடுக்க வேண்டும், விற்பனைக் குழுவில் குறைந்தது நாற்பது சதவீதம் அவர்களுடைய பிரதிநிதிகள் இருக்க வேண்டும். திட்டம் போடும்போது அந்தக் குழுவைக் கேட்டிருந்தால் வாசலையே அகலப்படுத்தியிருக்கலாம்.

24 பிப்ரவரி

தையல்காரர் கதைக்கு நிறையப் பேர் வருத்தப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். அவர் நன்றாக இருக்கிறார். நஷ்டம் நகராட்சிக்கும்தான்: வராத வாடகை, கட்ட வேண்டிய தவணை.

2 மார்ச்

வேலூரைப் பற்றிப் பேசாமல் இந்த இழை முடியாது. "தண்ணியில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோவில்" என்று வேலூரைக் கிண்டல் செய்வார்கள். 1981இல் ஜலகண்டேஸ்வரர் திரும்பி வந்துவிட்டார், மற்ற இரண்டும் அப்படியே.

மத்திய அரசின் ஸ்மார்ட் சிட்டி திட்டப் பட்டியலில் 2016 செப்டம்பரில் வேலூர் வந்தது. புதிய பேருந்து நிலையத்தை ஐம்பது கோடிக்கு மேல் செலவில் கட்டி 2022 ஜூனில் திறந்தார்கள். அதை நான் குறை சொல்லமாட்டேன். திருவண்ணாமலை, சித்தூர், திருப்பதி, சென்னை என்று ஜனம் ஏற்கெனவே வந்து இறங்குகிற இடம், அங்கே செலவழித்தது வீண் இல்லை. அதே ஜூன் மாதம் மெயின் பஜார் பக்கத்துத் தெரு ஒன்றில் ராத்திரியோடு ராத்திரியாக கான்கிரீட் ரோடு போட்டார்கள், நிறுத்தியிருந்த பைக்கின் சக்கரத்தையும் சேர்த்துப் புதைத்து. நாடு முழுக்கச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பணத்தைக் கெடு தேதிக்குள் செலவழித்தாக வேண்டும் என்ற அவசரம்தான் அந்த ரோட்டில் தெரிந்தது. அந்தத் தெருவில் இருப்பவர்களுக்கு முதல் நாள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வண்டியை எடுத்திருப்பார்கள்.

வேலூர் மையம் எதில் வாழ்கிறது என்று காந்தி ரோட்டில் நடந்தால் தெரியும். லாட்ஜ் போர்டில் வங்காள எழுத்து, ஹோட்டல் வாசலில் கடுகெண்ணெய் வாசனை, மீன் குழம்பு சாப்பாடு. கொல்கத்தாவிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வருகிற நோயாளிகளும் கூட வருகிறவர்களும்தான் அந்த ரோட்டின் கல்லாப்பெட்டி. 1900இல் டாக்டர் ஐடா ஸ்கடர் தொடங்கிய அந்த மருத்துவ வேலைக்கு இன்றைக்கும் கடைவீதி கடன்பட்டிருக்கிறது. 2022இல் ராணிப்பேட்டை பக்கம் சி.எம்.சி. புது வளாகம் திறந்தது, விபத்து சிகிச்சை அங்கே போனது. 2019 நவம்பரில் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டம் ஆனதோடு அரசு ஆபீஸ் கூட்டமும் பிரிந்தது. கடைவீதியின் வரவு ஏறுவதும் இறங்குவதும் இந்த மாதிரி முடிவுகளால்தான். நடைபாதையில் டைல்ஸ் மாற்றுவதால் அல்ல.

5 மார்ச்

சென்னை அக்கா ஒருவர் பாண்டி பஜாரைக் காட்டுகிறார். 2019 நவம்பரில் அகலமான நடைபாதை போட்டுத் திறந்தார்கள், ஜனம் ரசிக்கிறது, உண்மை. அக்கா, தி.நகருக்கு ஜனம் வருவது நடைபாதைக்காக இல்லையே. ஜவுளிக்கும் நகைக்கும் தமிழ்நாடே வந்து இடித்துக்கொண்டு நின்ற தெரு அது. நெரிசல் இருந்த இடத்தில் இடம் விட்டார்கள், பலன் கிடைத்தது. காலியான தெருவில் அதே டைல்ஸ் போட்டால் காலியான தெரு அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

இதை வைத்தே நான் ஒரு அளவுகோல் சொல்வேன்: ஏற்கெனவே ஜனம் கஷ்டப்பட்டுக்கொண்டே வருகிற இடமா? அப்படியென்றால் செலவழியுங்கள்.

9 மார்ச்

ஊர் மேம்பாட்டுக்கென்று மக்களின் நிலத்தை அரசு எடுப்பதைப் பற்றி ஒரு வக்கீல் நண்பர் எழுதியதற்குப் பதில். ஆமாம், நியூ லண்டன் வழக்கு இதற்கு நேர் உதாரணம். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் நொடித்துப்போன துறைமுக ஊர். ஃபைசர் மருந்துக் கம்பெனி பக்கத்தில் ஆராய்ச்சி மையம் கட்டியது. அதை ஒட்டி ஹோட்டல், வீடுகள் வரும் என்று குடியிருந்தவர்களின் வீடுகளை நகரம் எடுத்தது. சூசெட் கீலோ என்ற நர்ஸ் சுப்ரீம் கோர்ட் வரை போனார். 2005 ஜூனில் ஐந்துக்கு நான்கு என்று நகரம் ஜெயித்தது. 2009இல் ஃபைசர் ஊரை விட்டுப் போவதாக அறிவித்தது. எடுத்த நிலம் வருடக்கணக்காகப் புல் முளைத்துக் கிடந்தது.

நம் 2013 நிலம் எடுப்புச் சட்டம் ஒரு விதத்தில் மேல். தனியாருக்காக எடுத்தால் 80 சதவீதம், அரசும் தனியாரும் கூட்டு என்றால் 70 சதவீதம் குடும்பங்களின் சம்மதம் வேண்டும். ஆனால் மார்க்கெட் நிலம் நகராட்சி நிலம். கடைக்காரர் வெறும் வாடகைதாரர். அவர் சம்மதத்தை யாரும் கேட்க வேண்டியதில்லை. நாற்பது வருடம் ஒரே இடத்தில் உட்கார்ந்து சம்பாதித்த வாடிக்கைக்குச் சட்டத்தில் விலை இல்லை.

2 ஏப்ரல்

ஸ்மார்ட் சிட்டி திட்டம் மார்ச் 31ஓடு முடிந்தது. 2015 ஜூனில் தொடங்கியது, நூறு நகரங்கள், ஒவ்வொன்றுக்கும் மத்திய அரசு 500 கோடி, மாநிலம் அதே அளவு. தொடக்கத்தில் போட்ட மொத்தத் திட்ட மதிப்பு இரண்டு லட்சம் கோடியைத் தாண்டும். அதில் ஐந்தில் நான்கு பங்கு ஊரின் ஒரு சிறு பகுதிக்கு மட்டும் என்று ஒதுக்கியது. செலவழித்தவர்கள் கம்பெனிச் சட்டத்தில் பதிவான தனி நிறுவனங்கள். கவுன்சிலர் கேள்வி கேட்டால் "அது கம்பெனி விஷயம்" என்று சொல்ல முடிந்தது. எனக்கு இதில் உறுத்துவது பணத்தை விட இதுதான். கட்டும்போது கம்பெனி. கட்டி முடித்த பிறகு பராமரிப்பு, மின்கட்டணம், காவலாளி சம்பளம் எல்லாம் மாநகராட்சி.

3 ஏப்ரல்

சித்தூர் நண்பர் திரும்ப எழுதியிருக்கிறார், சந்தோஷம். "அப்படியானால் டெட்ராய்ட் எழுந்ததே, எப்படி?" என்கிறார்.

ஒரே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஒன்றை மட்டும் பாருங்கள். இடிந்து கிடந்த மிச்சிகன் சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஃபோர்டு கம்பெனி வாங்கிச் சரிசெய்து 2024 ஜூனில் திறந்தது. வரிச்சலுகை அதற்கும் உண்டு. ஆனால் ஃபோர்டு தன் ஆட்களை அங்கே உட்கார வைக்கத்தான் வாங்கியது. யாராவது வாடகைக்கு வருவார்கள் என்று காத்திருக்கவில்லை. திவாலுக்குப் பிறகு நகரம் தெருவிளக்குகளைப் புதிதாகப் போட்டது. பல வருடம் இருட்டில் கிடந்த தெருக்கள் அவை. அதுவும் பொதுப்பணம்தான், அதற்கு யார் ஆட்சேபிப்பார்கள்?

6 ஏப்ரல்

எங்கள் ஊரில் பழைய பேருந்து நிலையத்தை இடித்து அடுத்த வளாகம் கட்டப் பேச்சு ஓடுகிறது. கடைக்காரர்கள் சிலரோடு சேர்ந்து தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு எழுதியிருக்கிறோம். பத்து ரூபாய்தான் கட்டணம், முப்பது நாளில் பதில் வர வேண்டும். கேட்டிருப்பவை: இப்போதுள்ள வளாகத்தில் எத்தனை கடை பூட்டிக் கிடக்கிறது, எவ்வளவு வாடகை பாக்கி, கடன் தவணை எந்த நிதியிலிருந்து போகிறது, புது வளாகத்துக்கு இதுவரை எத்தனை பேர் எழுத்தில் கடை கேட்டிருக்கிறார்கள், கட்டும் காலத்தில் இப்போதைய கடைக்காரர்கள் எங்கே உட்காருவார்கள்.

சித்தூர் நண்பர் தன் ஊருக்கும் இதையே கேட்கலாம், ஆந்திராவில் மனுவைத் தெலுங்கில் எழுதினால் வேலை சுலபம். மாதிரி வேண்டும் என்பவர்களுக்கு மாமாவிடம் சொல்லித் தெலுங்கில் எழுதி வாங்கி, அடுத்த வாரம் இங்கேயே போடுகிறேன்.